இரண்டு இருபதுக்குப் போன சரக்கு வண்டி

சித்தப்பா என் அலுவலகத்துக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம், மேசைமேல் கிடந்த பழைய ரயில் பதிவேட்டை மூடி அதன்மேல் கைப்பையை வைத்ததுதான். முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்காத மனிதர். புத்தகம் அச்சுக்குப் போகிற நாளாகப் பார்த்து வந்து நிற்கிறார் என்றால் சும்மாவா?

ரயில்வே ஆவண அறையில் எனக்கு வேலை. மூடிப்போன கிளைப் பாதை ஒன்றின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். வயல்களுக்கு நடுவே ஓடி, ஒரு பாலத்தைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் போன ஒற்றைத் தடம். எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி நிலையத்தில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய தம்பி உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அண்ணனுக்குக் காலை டூட்டி, தம்பிக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து.

ஒருநாள் மதியம், அங்கிருந்து பயணிகள் வண்டி வந்துகொண்டிருக்கும்போதே இங்கிருந்து ஒரு சரக்கு வண்டியை அதே தடத்தில் அனுப்பிவிட்டார்கள். பாலத்தில் இரண்டும் நேருக்கு நேர் வந்து, நாற்பதடி இடைவெளியில் நின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் இரண்டு அரசாங்கமும் சாக்குக்குக் காத்திருந்தன போலும். மாதம் முடிவதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். பதிவேட்டில் சரக்கு வண்டி புறப்பட்ட நேரம் 2.20. அது தம்பியின் டூட்டி. அந்தப் பக்கத்து ஆட்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. எங்கள் வீட்டில் அவர் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாயிற்று.

என் வரைவிலும் அப்படித்தான் இருந்தது: ‘உதவி ஸ்டேஷன் மாஸ்டரின் கவனக்குறைவால்.’ சரிபார்க்கச் சொல்லி ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு அனுப்பிய பிரதி ஒன்று எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது.

“இந்த ஒரு வரிதாம்மா,” என்றார். “செத்தப்புறமும் புத்தகத்துல நானே குத்தவாளியா இருக்கணுமா?”

“பதிவேட்டுல இருக்கறதத்தான் எழுதியிருக்கேன் சித்தப்பா.”

“அத ஒழுங்காப் படிச்சியா?”

எனக்குச் சுருக்கென்றது. பியூன் டீ கொண்டுவந்து வைத்தபோதும் நான் அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டைப் பையில் பேனா இருந்தது. ஓர் எண்ணைத் திருத்த எவ்வளவு நேரமாகும்?

“அந்த ஸ்டேஷன்ல ரெண்டு கடிகாரம் உண்டு,” என்றார். “அவங்க நேரம் நம்மளவிட அரை மணி முன்னால. எல்லை தாண்டற வண்டிய அவங்க நேரத்துலதான் எழுதணும். விசாரணையில தொண்டை கிழியச் சொன்னேன். உங்கப்பா, ஒரே கடிகாரம்தான்னுட்டாரு.”

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இவரைத்தான் புளுகன் என்று சொல்லி எங்களை வளர்த்திருந்தார்கள்.

“என்ன நம்ப வேணாம். அந்த மாசத்துக் காலை வண்டிய மட்டும் பாரு. நான் தொடக்கூட மாட்டேன்.” நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் மனசைப் படித்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

அவர் வாயை அடைக்கத்தான் பதிவேட்டைத் திறந்தேன். பக்கத்தில் அந்த வருஷத்துக் கால அட்டவணையை வைத்துக்கொண்டேன். எல்லை தாண்டும் காலை வண்டி 7.10-க்குப் புறப்பட வேண்டும். பதிவேட்டில் 7.40. மறுநாளும் 7.40. அதற்கடுத்த நாள் 7.41. ஒரு நாள் தாமதமாகலாம். மாதம் முழுக்கச் சொல்லிவைத்தாற்போல் அரை மணி தாமதமாக எந்த வண்டியும் ஓடாது. எல்லை தாண்டாத உள்ளூர் வண்டிகளோ அட்டவணையோடு நிமிடம் பிசகாமல் பொருந்தின.

2.20-இலிருந்து அரை மணியைக் கழிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்று ஐம்பது. அப்பாவின் டூட்டி.

மூன்று மாதம் இதே பக்கங்களைப் புரட்டியவள் நான். வெட்கமாக இருந்தது. “சித்தப்பா,” என்றேன். அவர் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, “பாத்துச் செய்யும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த ஸ்டேஷன்ல எத்தன கடிகாரம் இருந்தது?”

“ஒன்னு,” என்றார் உடனே. பிறகு நிமிர்ந்து, “அவன் வந்தானா?”

“வந்தாரு.”

“புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சா?”

அச்சகத்தில் ஆறு மணிவரை எனக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. “போயிடுச்சுப்பா,” என்றேன்.

பொய்தான். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. அது தளர்ந்தது. நீளமாக மூச்சு விட்டு, வெட்டிய நகங்களைத் தாளில் கூட்டினார். “பாவம்தான் அவன். தனி ஆளு, எப்படியும் சமாளிச்சுப்பான்னு நெனச்சேன். நீங்க மூணு பேரும் சின்னப் பசங்க. போனது போகட்டும், விடு.”

அவரை எனக்குப் பிடிக்காமல் போன முதல் நிமிடம் அது. அந்தப் பொய்யில் வளர்ந்தவள் நானும்தான் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. அவர் முன்னாலேயே அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

“நாப்பதாம் பக்கம். ‘உதவி’ங்கற வார்த்தைய எடுத்துடுங்க.”

“வெறும் ஸ்டேஷன் மாஸ்டர்னு வருமே மேடம், பரவால்லையா?” என்றார் அச்சகக்காரர். “பேர் ஏதாவது போடணுமா?”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையைக்கூட அசைக்கவில்லை.

“போடுங்க,” என்று அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அச்சகக்காரர் ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டு, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன்.