இரட்சகர் யார் என்று ஹெப்சிக்குத் தெரியும்

வசந்தகுமாரிக்குச் சொந்த ஊர் நாசரேத். இயேசு வளர்ந்த நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். ஆனாலும் பேர் பேர்தானே. அப்பா வழியில் மூன்று தலைமுறை உபதேசியார்கள், அம்மா வழியில் மொத்தப் பேரும் பாடகர் குழு. அப்படிப்பட்ட குடும்பத்துப் பேத்தி, வசந்தியின் மகள் ஹெப்சி, கொண்டாப்பூரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறவள், கிறிஸ்துமஸ் யாருடைய பிறந்தநாள் என்று டீச்சர் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "சான்டா கிளாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தச் செய்தி வசந்திக்கு மகள் மூலமாக வரவில்லை, எதிர் ஃப்ளாட் அனுபமா மூலமாக வந்தது. அனுபமாவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். அவள் தமிழில் பாதி இந்த ஊர் இந்தி. அவள் மகன் ராகேஷும் ஹெப்சியும் ஒரே வகுப்பு.

"எங்க ராகேஷ்தான் எழுந்து, இல்ல மிஸ், ஜீசஸ் பர்த்டேன்னு சொல்லிருக்கான்" என்றாள் அனுபமா.

"நெஜமாவா?"

"ஹவ், ஆமா. மிஸ் அவனுக்கு ஸ்டார் குடுத்தாங்களாம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் துளி விஷமும் இல்லை. அதுதான் வசந்திக்குத் தாங்கவில்லை. எதிர் வீட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பையனுக்குத் தெரிந்தது, ஞானஸ்நானம் வாங்கிய தன் மகளுக்குத் தெரியவில்லை. மானம் போயிற்று.

யோசித்துப் பார்த்தால் பிள்ளையைக் குற்றம் சொல்ல வழியில்லை. வசந்தி மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் டீமுக்குத் தலைவி. கணவன் எட்வினும் அதே ஜாதி வேலைதான். தமிழில் ஆராதனை நடக்கிற சபை இருப்பது செகந்திராபாத்தில், போக ஒன்றரை மணி நேரம். சனி ஞாயிறு வந்தால் ஏதாவது சாஃப்ட்வேர் ரிலீஸ் தலையில் வந்து விழும். "இந்த வாரம் முடியல, அடுத்த வாரம் போவோம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் கிறிஸ்துமஸ் தவறாமல் வந்தது. சிவப்பு உடுப்பு போட்ட வாடகைத் தாத்தா வந்தார், பஞ்சுப் பனி வந்தது, கேக் வந்தது. குழந்தை இயேசு மட்டும் வரவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவும் இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம், 2007, அப்படி விடப்போவதில்லை என்று முடிவு கட்டினாள். டிசம்பர் முதல் தேதியே எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டாள். மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், குழந்தையைக் கிடத்திய முன்னணை, இரட்சகர் என்று வரிசையாக. பக்கத்தில் 'சொல்லியாச்சு', 'புரிந்தது' என்று இரண்டு கட்டம். பச்சை அடித்தால் முடிந்தது என்று அர்த்தம்.

எட்வின் எட்டிப் பார்த்தான். "இயேசுவையும் டெஸ்ட் பண்ணப் போறியா?"

"நீங்க சும்மா கெடங்க. ராகேஷுக்குத் தெரியுது, நம்ம புள்ளைக்குத் தெரியல. வெளிய சொன்னா வெக்கக்கேடு."

"வெக்கத்துக்காகவா இவ்வளவும்?"

அவள் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் அவளுக்கே பிடிக்காத பதிலாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மூவரும் சபைக்குப் போனார்கள். ஓய்வுநாள் பள்ளியில் புஷ்பா டீச்சர் நாடகத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஹெப்சியிடம் வெள்ளை கவுன் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளைத் தேவதூதன் ஆக்கிவிட்டார். மேய்ப்பர்களைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். பயப்படாதிருங்கள், உங்களுக்கு இரட்சகர் பிறந்திருக்கிறார். அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாடகம்.

வசந்தியின் மனம் முழுக்க அந்த ஒரு வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. தன் மகள் சபை நடுவே நின்று, தமிழில், அர்த்தம் தெரிந்து அதைச் சொல்லிவிட்டால் போதும். இரண்டு வருடப் பாவமும் தீர்ந்த மாதிரி.

ஹெப்சிக்குத் தமிழ் காதில் நன்றாகவே ஏறும், வாயில்தான் அரைகுறை. அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் பதில் வரும். வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள் வசந்தி. மூன்றே நாளில் பிள்ளை கடகடவென்று ஒப்பித்தது.

ஒரு மாலை வசந்தி அமெரிக்காக்காரர்களோடு போனில் இருந்தாள். ஹெப்சி வந்து சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

"மம்மி, ரட்சகர் அண்ட்டே எவரு?"

வசந்தி போனைப் பொத்திக்கொண்டாள். "காப்பாத்துறவர்ட்டி. கஷ்டத்துல இருக்கவங்கள வந்து காப்பாத்துறவர்."

"ஓ, ரக்ஷக. நாக்கு தெலுசு" என்றாள் ஹெப்சி. எனக்குத் தெரியும் என்று அர்த்தம். போய்விட்டாள்.

வசந்திக்குப் பெருமை பிடிபடவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது இன்னொரு கேள்வி வந்தது.

"ரட்சகர் எதுக்கு மாட்டுக் கொட்டாய்ல பிறந்தார்? அவருக்குப் பெரிய ஹவுஸ் உந்தி கதா, இருக்குல்ல. மெயின் ரோட்ல. போர்டு கூட இருக்கு, நான் பஸ்ல இருந்து படிச்சேன்."

மெயின் ரோட்டில் புதிதாக ஒரு தெலுங்கு சர்ச் கட்டியிருந்தார்கள். பிள்ளை அதைத்தான் சொல்கிறது என்று வசந்தி நினைத்தாள். தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிறதே என்று உச்சி குளிர்ந்தது.

"ஆமா, அது அவர் வீடுதான். இப்ப அங்கதான் இருக்கார்."

"நம்ம வீட்டுக்கு வருவாரா?"

"வருவாரே. கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லா வீட்டுக்கும் வருவார்."

"நம்ம என்ன செஞ்சோம்னு அவருக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சாலும் தெரியும்." டம்ளரில் தினமும் பாலை மிச்சம் வைக்கிற பிள்ளைக்கு இது உறைக்கட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

ஹெப்சி மடமடவென்று பாலைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள். அன்றிலிருந்து பிள்ளை அடங்கிப் போயிற்று. ஓட்டமில்லை, கத்தலில்லை. காலிங் பெல் அடித்தால் மட்டும் உள் அறைக்குப் போய்விடுவாள். பக்தி வந்துவிட்டது என்று வசந்தி ஊருக்குப் போன் போட்டுத் தன் அம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போது கண் கலங்கியது வேறு.

இருபத்து மூன்றாம் தேதி வந்தது. சபையில் உட்கார இடமில்லை. மேய்ப்பர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். அட்டைச் சிறகோடு ஹெப்சி வந்து நின்றாள். "பயப்படாதிருங்கள்" என்று அவள் சொன்னபோது குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்கூட அழகாகத்தான் இருந்தது. மிச்ச வரியையும் பிசகில்லாமல் சொன்னாள். மூன்றாம் வரிசையில் வசந்தி மூச்சுவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். செல்லப்பா சார் விடவில்லை. ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஓய்வுநாள் பள்ளிக்குப் பொறுப்பாளர். நாடகம் முடிந்ததும் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது அவருக்கு வழக்கம்.

"ரொம்ப அருமையா சொன்னீங்க பாப்பா. ரட்சகர்னா யாரு, இவங்களுக்குச் சொல்லுங்க பாப்போம்."

ஹெப்சி தயங்கவே இல்லை. "போலீஸ்" என்றாள்.

மைக் நல்ல மைக். கடைசி பெஞ்சுவரை கேட்டது. பிறகு யாரோ ஒருவர் ஆரம்பிக்க, கட்டடமே சிரித்தது. எட்வினும் சிரித்தான். மெயின் ரோட்டில் மட்டுமில்லை, ஊரெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் 'ரக்ஷக பட நிலயம்' என்றுதான் தெலுங்கில் எழுதியிருக்கும், காக்கிற சேவகரின் வீடு என்று அர்த்தம். வசந்தி ஒன்பது வருடமாக அதைப் பார்க்கிறாள். இப்போதுதான் முதல் தடவையாகப் படித்த மாதிரி இருந்தது.

ஹெப்சி சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிறகோடு ஓடிவந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பேகம்பேட் தாண்டும்வரை வசந்திக்குக் கோபம் கோபமாக வந்தது. மகள் மேலா, செல்லப்பா சார் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. பின் சீட்டிலிருந்து விசும்பல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"அழாதட்டி. யாரும் உன்னைக் கேலி பண்ணல."

"அதுக்கு அழல" என்றாள் ஹெப்சி. "இன்னும் டூ டேஸ்தான் இருக்கு."

"எதுக்கு?"

"போலீஸ் வீட்டுக்கு வர்றதுக்கு. அவருக்கு எல்லாம் தெரியும்னு நீதான் சொன்ன. என்னைப் பிடிப்பார்."

எட்வின் காரை ஓரமாக நிறுத்தினான். வசந்தி இறங்கிப் பின் சீட்டுக்குப் போனாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. ராகேஷ் வைத்திருந்த, கார் வடிவில் இருக்கிற அழிரப்பரை ஹெப்சி எடுத்துவிட்டாள். அவனுக்கு டீச்சர் ஸ்டார் கொடுத்த அன்றைக்குத்தான் எடுத்தாள். அது அவள் பென்சில் டப்பாவுக்குள் இருக்கிறது. இரண்டு வாரமாகப் பிள்ளை போலீசுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடங்கியிருந்தது பக்தியில் இல்லை, பயத்தில். பயப்படாதிருங்கள் என்று ஊருக்குச் சொல்வதற்கு, தானே பயந்து நடுங்குகிற பிள்ளையை மேடையேற்றிவிட்டுத் தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்து வசந்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவர் போலீஸ் இல்லட்டி" என்றாள். "பிடிச்சுட்டுப் போக வரல. அவருக்கு உன்னைப் பிடிக்கும்."

ஹெப்சி வீலென்று அலறினாள். "பிடிக்குமா?"

"அய்யோ, அந்தப் பிடிக்கிறது இல்ல." வசந்தி தலையில் கை வைத்தாள். தமிழ் இப்படிக் காலை வாரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "இஷ்டம். நுவ்வண்ட்டே இஷ்டம். உன் மேல அவருக்கு இஷ்டம். அதுக்குத்தான் பிறந்தார்."

விசும்பல் நின்றது. ஹெப்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரப்பர் தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

இதற்கு எந்தக் கட்டமும் பட்டியலில் இல்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் கேட்டவள்தான், ஆனாலும் 'தெரிஞ்சுதான்' என்ற சொல்லைத் தன் வாயாலேயே சொல்லும்போது வசந்திக்கு அழுகை வந்தது. வெட்கத்துக்காக இத்தனை நாள் ஓடியது, அதுவும் அவருக்குத் தெரிந்துதானே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி சிறகைக்கூடக் கழற்றவில்லை. பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட் மணியை அடித்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வசந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. அனுபமா முன்னால் இன்னொரு தடவை மானம் போகப் போகிறது. சொல்லவில்லை, கூடவே போய் நின்றாள்.

கதவைத் திறந்தது அனுபமா. பின்னாலேயே ராகேஷ். ஹெப்சி ரப்பரை நீட்டினாள்.

"நான்தான் எடுத்தேன். சாரி."

ராகேஷ் ரப்பரைப் பார்த்தான், சிறகைப் பார்த்தான். "நக்கோ, வேணாம், நீயே வச்சுக்கோ. என்கிட்ட பஸ் ரப்பர் இருக்கு."

"இல்ல, நீ வாங்கிக்கோ" என்று அவன் கையில் திணித்தாள் ஹெப்சி.

"டிராமா எப்பிடி ஆச்சு?" என்று கேட்டாள் அனுபமா.

வசந்தி வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி சொல்லிவிட்டாள். "நான் ஜீசஸை போலீஸ்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் போலீஸ் காது, போலீஸ் இல்ல. நம்ம தப்பு பண்றது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா பிடிக்க மாட்டார். சும்மா வருவார், பேபியா."

அனுபமா சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சும் கைக்கு வர்றாரு?" என்று கேட்டாள். ஏன் வருகிறார் என்று நிஜமாகவே கேட்டாள்.

ஹெப்சி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வார்த்தையைத் தேடினாள். தெலுங்கில் ஒன்று இருந்தது, காரில் அம்மாவே சொன்னது. ஆனால் அவள் எடுத்தது தமிழ் வார்த்தை. இரண்டு வாரம் அவளைத் தூங்கவிடாமல் அடித்த அதே வார்த்தை.

"பிடிக்கும்" என்றாள். "அவருக்கு நம்மள பிடிக்கும், ஆன்ட்டி."

அனுபமா குனிந்து பிள்ளையின் வளைந்துபோன அட்டைச் சிறகை நிமிர்த்திவிட்டு, "உள்ள வா, சாப்டுட்டுப் போ" என்றாள்.