மேலேயிருந்து ஏழாவது

கத்தி தங்க நிறத் தாளில் இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே ஒயர்கள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு கிடந்தன. முதலில் கையில் சிக்கியதைப் பிடுங்கினார். தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. அடுத்ததைப் பிடுங்கினார்; விளக்கு அணைந்தது. வெட்டும் இயந்திரம் மட்டும் எதுவும் நடக்காதது போல விர்ரென்று போய், டக்கென்று நின்று, மறுபடி விர்ரென்று வந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஒயரை இரண்டு கையாலும் பற்றி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு இழுத்தார்.

கடை அமைதியானது.

இருட்டில் கட்டிங் அண்ணன் குனிந்து பார்க்கிற சத்தம் கேட்டது. அவர்தான் அந்தப் பெயர்ப்பலகைக் கடையில் வெகு காலமாக எழுத்து வெட்டுகிறவர். அவசரப்பட்டு எதையும் பேசமாட்டார்.

"மாப்பிள்ளை சார்," என்றார் நிதானமாக. "எலின்னு வெட்டியிருக்கு."

மாப்பிள்ளை எழுந்த வேகத்தில் மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டார். வெட்டியிருக்க வேண்டியது 'பல் மருத்துவமனை'. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு. டாக்டரம்மா ஊரெல்லாம் அலசித் தேர்ந்தெடுத்த தங்க நிற ஒட்டுத்தாள். கடையில் இருந்ததே அந்த ஒரு சுருள்தான். அதன் நெற்றியில் இப்போது, சாண் உயரத்தில், அழகான எழுத்தில், எலி.

இந்த விபரீதம் எங்கே ஆரம்பித்தது என்று மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். காலையில், அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில்.

வேலை போன பிறகு மாமனாரின் கடைக்கு வந்து சேர்ந்தவர் அவர். வந்த நாளிலிருந்து பசை தடவுவதும் ஏணி பிடிப்பதும்தான் உத்தியோகம். கம்ப்யூட்டர் நாற்காலி மாமனாருடையது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக மாமனார் கடையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, இரும்புச் சட்டம் வாங்கப் போயிருந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்ன வார்த்தைகள் இன்னும் காதில் இருந்தன. போர்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனிமேல் அந்த நாற்காலி மாப்பிள்ளைக்கு. ஏதாவது கோளாறு நடந்தால் திங்கட்கிழமையிலிருந்து அத்தையின் தம்பியுடைய சிமெண்ட் கடைக்கு. சிமெண்ட் மாமா நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கடையில் நுழைந்தவன் நாலு தும்மல் போடாமல் தன் பெயரைச் சொல்ல முடியாது.

"இன்னொண்ணு மாப்பிள்ளை. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில எதையும் இடம் மாத்தாதீங்க. இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை மாப்பிள்ளை அடக்கமாகத்தான் இருந்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தார். திறந்தவருக்குக் கை அரித்தது. வாங்கும்போதே கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த அத்தனை சனியனும் அதில் வரிசை கட்டி நின்றது. யாரும் ஆடாத சீட்டாட்டம். யாரும் கேட்காத பாட்டு. காலாவதியாகிப் போன வைரஸ் காவலாளி. யாரோ எங்கேயோ என்னவோ விற்கிற கடை. அரை மணிக்கு ஒருமுறை மூலையிலிருந்து எட்டிப் பார்த்து 'வெயில்' என்று சொல்லிவிட்டுப் போகிற வானிலை. இந்தக் கூட்டத்துக்கு நடுவில், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல, எழுத்து வெட்டுகிற புரோகிராம் நசுங்கி உட்கார்ந்திருந்தது.

ஒழுங்குபடுத்தினால் மாமனார் அசந்துபோவார் என்று நினைத்தார். அதையும் கண்டபடி செய்யவில்லை. 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அதற்குள் நகர்த்தினார். வானிலையிடம் மட்டும் அவருக்குப் பழைய பகை. அதை நகர்த்தவில்லை, வேரோடு பிடுங்கி எறிந்தார். முடித்ததும் மெனு பல் தேய்த்த வாய் மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கீபோர்டைக்கூடத் துடைத்தார்.

அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், அந்தக் கடையில் யாரும் மெனுவைப் படிப்பதில்லை என்பது.

எண்ணுவார்கள். மாமனார் ஏற்படுத்திய வழக்கம் அது. மேலேயிருந்து ஏழாவது, வெட்டுறது. கீழேயிருந்து ரெண்டாவது, பில் போடுறது. போனில் வேலை சொன்னாலும் ஏழாவதைத் தட்டு, மூணாவதைத் தட்டு என்றுதான் சொல்வார். எது கேட்டாலும் ஆமாம் என்று அமுக்கிவிட வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். கட்டிங் அண்ணன் தங்கச் சுருளைப் பக்குவமாக மாட்டினார், வந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டே ஏழு எண்ணினார், தட்டினார், ஆமாம் என்றார். மெனு சுருங்கியதில் ஏழாவது இடத்துக்கு ஏறி வந்திருந்தது 'கடைசி வேலையைத் திரும்பச் செய்' என்கிற உருப்படி. கடைசி வேலை, பூச்சி மருந்துக்காரருக்கு வெட்டிக் கொடுத்த 'எலித் தொல்லையா?'

மாப்பிள்ளை மனைவிக்குப் போன் போட்டார். பக்கத்துத் தெரு கூரியர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். விவரம் முழுவதையும் சொல்லத் தைரியம் வராமல், ஒரு சின்ன எலிப் பிரச்சினை என்று மட்டும் சொன்னார். அவள் கையில் துடைப்பத்தோடு வந்தாள்.

தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"எங்கப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"இடம் மாத்தாதீங்கன்னு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

"வீட்டுல ஒரு நாளாவது பண்ணியிருக்கீங்களா?"

கட்டிங் அண்ணன் அவசரமாகக் கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டார்.

திட்டி முடித்ததும் அவள் வேலையில் இறங்கினாள். மெனுவில் தெரிவதெல்லாம் வெறும் போர்டுதான் என்றாள். போர்டைக் கழற்றி உள்ளே வைத்தால் கடை இடிந்துவிடாது. திரும்ப எடுத்து மாட்டினால் முடிந்தது. அந்த வரைக்கும் ஃபோல்டர் போட்டது புத்திசாலித்தனம்தான் என்று ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளையின் முகத்தில் லேசாகக் களை வந்தது. உடனே அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"மூணாவது எங்கே?"

"அது மட்டும்... கடையையே இடிச்சிட்டேன்."

வானிலையைத் திரும்ப இறக்கலாம் என்று பார்த்தார்கள். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு மாமனாரின் மண்டைக்குள் இருந்தது. மாமனார் இரும்புக் கடையில் இருந்தார். அது இல்லாமல் மற்றதையெல்லாம் மாட்டினால் ஏழாவது ஆறாவதாகிவிடும். மாமனார் வந்து உட்கார்ந்து ஏழாவதைத் தட்டினால் சிமெண்ட் கடைதான்.

அவள் கொஞ்ச நேரம் நகம் கடித்தாள். பிறகு கால்குலேட்டருக்கு ஒரு புது ஷார்ட்கட் போட்டாள். அதன் பெயரை 'வானிலை' என்று மாற்றினாள். எங்கிருந்தோ ஒரு சூரியன் படத்தை எடுத்து அதன் தலையில் ஒட்டினாள்.

"அப்பா எழுத்து வெட்ட உக்காருவாரா, மழை பாக்க உக்காருவாரா? இடத்தை நிரப்ப இது போதும். ராத்திரி பாஸ்வேர்டை நைஸாக் கேட்டு வாங்கிக்கலாம்."

மீதி எல்லாவற்றின் படங்களையும் கட்டிங் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஒப்பித்தார். முதலாவது கோப்பை, ரெண்டாவது உண்டியல், மூணாவது சூரியன், நாலாவது சீட்டு. அவர் சொல்லச் சொல்ல அவள் ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றையும் இழுத்து அதனதன் இடத்தில் உட்கார வைத்தாள். மெனு மறுபடியும் பழைய சந்தைக்கடை ஆயிற்று. மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. ஆனால் ஏழாவது ஏழாவதாக இருந்தது.

தாளுக்கும் ஒரு வழி பிறந்தது. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் எலிக்குக் கீழே மிச்சமிருப்பதில் பல் மருத்துவமனை அடங்கிவிடும் என்றார் அண்ணன். எலியை உரித்துப் பக்கத்தில் எங்கேயோ வீசினார். ஏழு எண்ணினார். இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்தே எண்ணினார்கள். கத்தி இறங்கியது. 'ப' வந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் தொப்பென்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி எழுத்தைப் பலகையில் ஒட்டித் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மாமனாரின் கண்ணைப் பற்றி அந்த வட்டாரத்தில் கதையே உண்டு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, மாடியில் மாட்டிய போர்டில் ஒரு எழுத்து நூலளவு சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். கண்ணாடி போட்டவனை நம்பி எவனாவது போர்டு கொடுப்பானா என்பது அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி. பில், கடிதம், போனில் வரும் சேதி எதையும் அவர் தொடமாட்டார். நீயே படி, எனக்கு வேலை இருக்கு என்பார். முதலாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வாசற்படியிலிருந்தே போர்டைப் பார்த்தார். தலையசைத்தார். மகளையும் அண்ணனையும் ஏணியை வண்டியில் ஏற்றச் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு, பசை டப்பாவை எடுக்கத் திரும்பினார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"பேண்ட் பின்னாடி என்ன, எலி?"

மாப்பிள்ளை கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வீசியது நாற்காலியில் மல்லாந்து விழுந்திருக்கிறது. அதன்மேல்தான் அவர் நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறார்.

இதற்குப் பொய் சொல்ல அவருக்கு மூளை ஓடவில்லை. மெனுவில் கை வைத்ததையும் அதன் விளைவாக எலி பிறந்ததையும் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியாயிற்று என்றும் சொன்னார். சூரியனுக்கு அடியில் கால்குலேட்டர் இருப்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

மாமனார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சிமெண்ட் மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். "திங்கக்கிழமை ஒரு கைக்குட்டை எடுத்துட்டுப் போங்க. பெரிசா."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போர்டு மாட்டக் கிளம்புவதற்கு முன் எப்போதும் செய்வது போல மெனுவைத் திறந்தார். விரலால் காற்றில் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

மழை பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாள் ஏணி பிடித்ததில் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று மாப்பிள்ளை நொந்துகொண்டார்.

மாமனார் மூணாவதைத் தட்டினார். கால்குலேட்டர் திறந்தது. எண்கள் வரிசையாக, கூட்டல், கழித்தல், எல்லாம் பச்சையாகத் தெரிந்தன. உச்சியில், வானிலை மழை வாய்ப்பைக் காட்டுகிற இடத்தில், பெரிதாக ஒரு பூஜ்யம்.

மாமனார் தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி, திரையைப் பார்த்தார்.

"பூஜ்யம்," என்றார் திருப்தியாக. "இன்னைக்கு மழை இல்லை."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். வாசற்படியிலிருந்து எலியைக் கண்டுபிடித்த கண். மூக்குக்கு நேரே இருக்கிற கூட்டல் குறி அதற்குத் தெரியவில்லை.

இப்போது சொல்லிக்காட்டியிருக்கலாம். சிமெண்ட் கடைக்கு அனுப்புகிறவரை மடக்க அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. சத்தம் போட்டுச் சிரித்தால்கூட வெளியே இருப்பவர்கள் ஓடிவந்திருப்பார்கள்.

"ஆமா மாமா," என்றார் மாப்பிள்ளை. "சொட்டு மழை இல்லை."

அந்த நேரம் பார்த்து வெளியே இடி இடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டத் தொடங்கியது. கட்டிங் அண்ணன் தலையில் கோணியோடு ஓடிவந்தார். போர்டை மூடுவதற்குப் பிளாஸ்டிக் தாளை எடுத்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிட்டார்.

மாமனார் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரையைக் கை காட்டினார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"கால்குலேட்டர் மாமா."

"ம்."

நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து, அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, மாப்பிள்ளையின் பக்கமாகத் தள்ளினார்.

"உக்காருங்க. முதல்ல அந்த எலியை உரிச்சிட்டு உக்காருங்க. சிமெண்ட் கடைக்கு வேற ஆள் பாத்துக்கட்டும். இந்த மெனுவை எப்படி வேணா சுத்தம் பண்ணுங்க, ஏழாவதுல எதை வேணா வைங்க. இனிமே நீங்கதான் படிக்கணும்."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். மகள் ஏணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, மாப்பிள்ளையின் காதோரம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம். இந்தப் பெட்டியில ஒரு எழுத்துகூட என் கண்ணுக்குத் தெரியலை மாப்பிள்ளை. வாங்குன அன்னைக்கே தெரியலை."