கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டால்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வீடு, மனை, வீட்டுக்கடன் கண்காட்சியில் கிடைத்தது. எனக்கு வீடு வாங்கும் உத்தேசம் கிடையாது. வங்கிகளுக்கும் எனக்குக் கடன் தரும் உத்தேசம் கிடையாது. வெளியே வெயில், உள்ளே ஏசி, அதனால் போனேன். வாசலில் பலூன் வளைவைப் பார்த்ததுமே முதல் வரி வந்துவிட்டது:

"கனவுகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த அந்த மாபெரும் மண்டபத்தில் அவள் ஒரு தீபம் போல—"

(வேண்டாம். அங்கே எரிந்தது டியூப்லைட். தீபத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.)

மறுபடி:

"அவள் காலில் செருப்பு கடித்தது."

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

அவள் காலில் செருப்பு கடித்தது. காலையிலிருந்து நிற்கிறாள். ஸ்டாலில் நாற்காலி உண்டு, ஆனால் அது வாடிக்கையாளருக்கு. அலுவலகத்தில் அவளுக்குக் 'கடன்காரி' என்று பெயர். வாங்கியதால் அல்ல, கொடுப்பதால். ஒரு வங்கிக்கு வீட்டுக்கடன் ஆள் பிடித்துத் தருவது வேலை. பிடித்தால் கமிஷன், பிடிக்காவிட்டால் மேனேஜரின் அறிவுரை.

ஸ்டால் வாடகை கட்டுப்படியாகாமல் பாதியை ஒரு வீட்டு புரோக்கருக்கு விட்டிருந்தாள். அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜையின் அந்தப் பக்கம் அவர் வீட்டைக் காட்டுவார், இந்தப் பக்கம் அவள் கடனைக் காட்டுவாள். நடுவில் ஒரு சுழல் சக்கரம். சுற்றினால் பரிசாகப் பேனா விழும். ஒரு கட்டத்தில் 'கார்' என்றும் எழுதியிருந்தது. முள் அங்கே நிற்காமல் சித்தப்பா பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு நில்லு. கடனைத் திருப்பிக் கேக்க வந்தவ மாதிரி இருக்கு உன் மூஞ்சி."

"செருப்பு கடிக்குது சித்தப்பா."

"கடிக்கட்டும். நீ கஸ்டமரைக் கடிக்காம இருந்தாச் சரி."

வந்தவர்களில் பெரும்பாலோர் இலவசத் துணிப்பைக்கு வந்தவர்கள். போன் நம்பர் கேட்டால், கூசாமல் ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.*

* நானும்தான்.

3

இந்த இடத்தில் ஹவுஸ் ஓனர் வருகிறார்.

'இவ்வளவு பெரிய கண்காட்சியில், அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சரியாக அவள் ஸ்டாலுக்கா வருவார்?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் அந்த ஆள்மேல் சந்தேகம்தான். ஆனால் மலிவான ஸ்டால் என்பதால் அது கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. விதி என்று தனியாக எதையும் நான் சேர்க்கவில்லை.

"அட, நீயா! நல்லதாப் போச்சு," என்றார் ஓனர். "பையன் தன்னோட வந்து இருக்கச் சொல்றான். அந்தக் கீழ்வீட்டை வித்துடலாம்னு பாக்குறேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பச் சொல்லிட்டேன்."

பாரம் இறங்கிய முகத்தோடு, மிச்ச பாரத்தையும் இறக்கிவைக்கக் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். "தரைத்தளம், தனி வாசல்! இதெல்லாம் கைல எடுத்தா வித்துப் பறந்துடும்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆமா... அது நீ இருக்கிற வீடுல்ல?"

அவள் மகள் தவழ்ந்த வீடு. மகளுக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் அடுத்த தெரு. (கணவர் எங்கே என்று கேட்காதீர்கள். உள்ளே விட்டால் இது அவர் கதையாகிவிடும். அவர் பழக்கம் அப்படி.)

"நீயே வாங்கிடேன்மா."

"எங்க பேங்குலயே கேட்டுப் பாத்தாச்சு. கமிஷன் வருமானம் நிலையில்லாததாம். முடியாதுன்னு மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

4

சித்தப்பா நல்லவர், ஆனால் புரோக்கர். சற்று நேரத்தில் ஓர் இளம் தம்பதியை உட்காரவைத்து அந்த வீட்டையே அளந்துகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நின்ற கடன்காரி, இவர்களை விரட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"மழை வந்தா பின்ரூம் சுவர் ஊறும்," என்றாள் குறுக்கே புகுந்து.

சித்தப்பா இருமினார்.

"வாசக்கதவைத் தூக்கிப் பிடிச்சாத்தான் பூட்டு விழும். மாடியில இருக்கிறவர் விடியக்காலையில தொண்டையைச் செருமுவார், தெருவே எந்திரிச்சிடும்."

"வேற?" என்றாள் மனைவி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"வேற... சமையல்கட்டுல காலைல வெயில் விழும். மேடையில பாதி வரைக்கும். அப்ப காபியைக் கைல வச்சுக்கிட்டு அங்க நின்னா—" நிறுத்திக்கொண்டாள். விரட்ட வந்த பேச்சு எங்கேயோ வழி மாறியிருந்தது. "சுவர் ஊறும்," என்றாள் மறுபடி, கறாராக.

காலையிலிருந்து 'சொர்க்கம்', 'அரண்மனை' என்றே கேட்டுக் காது புளித்திருந்த தம்பதிக்கு, மழையில் ஊறுகிற ஒரு சுவர் பிடித்துப்போயிற்று.

"நாங்க குடிவரப் போறதில்லக்கா. அம்மா வீட்லதான் இருக்கோம். வாடகைக்குத்தான் விடணும்," என்றாள் மனைவி.

"இப்ப இருக்கிறவங்க ஒழுங்கா வாடகை குடுப்பாங்களா?" இது கணவன்.

கடன்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு மாசம் தவறினதில்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அது."

5

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். எழுதிப் பார்த்தவை:

"அந்த இளம்பெண் கண் கலங்க அவள் கையைப் பற்றி, அக்கா, இனி இது உங்கள்—" (நீங்கள் நம்புவீர்களா?)

"அவள் ஓங்கிச் சக்கரத்தைச் சுற்ற, முள் காரில் நின்—" (சித்தப்பா இருக்கும்வரை நடக்காது.)

நடந்தது வேறு. "அப்ப குடித்தனக்காரங்களைத் தேட வேண்டாமே!" என்று கணவன் சந்தோஷப்பட்டான். வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார்கள். அவளும் விடவில்லை: மகள் பள்ளி முடிக்கிறவரை காலி பண்ணச் சொல்லக் கூடாது, பின்சுவரைப் பூசித் தர வேண்டும். ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் சித்தப்பா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. கொஞ்ச நேரம் நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

கடனுக்கான காகிதங்களை அவளே தயார் செய்தாள். கடன் தொகைக்குத் தம்பதியின் சம்பளம் கொஞ்சம் போதவில்லை. மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாடகை வருதுல்ல, அதையும் சேத்துக்கோ. நிலையான வருமானம்," என்றார்.

சேர்த்தாள். அவள் கையில் இருக்கும்வரை நிலையில்லாமல் இருந்த பணம், அவர்கள் கைக்குப் போகிற வழியில் எங்கேயோ நிலைபெற்றுவிட்டது. எந்த இடத்தில் என்று வங்கிக்குத்தான் வெளிச்சம்.

6

'சுபம்' என்று போட்டுவிடலாம்: மகள் அதே வீட்டில் ஜன்னலோரம் படிக்கிறாள், பின்சுவர் காய்ந்துவிட்டது, கமிஷன் வந்தது. சோகம் என்றும் சாதிக்கலாம்: மாதாமாதம் வாடகை என்ற பெயரில் கடன்காரி வீட்டுக்கடன் கட்டுகிறாள், வேறொருவர் வீட்டுக்கு. இரண்டையும் நான் எழுதப் போவதில்லை.

அடுத்த கண்காட்சி. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வட்டி விகிதமெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு நிமிர்கிறார். "மேடம், உங்களுக்குச் சொந்த வீடு இருக்கா?" கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். சித்தப்பா சட்டென்று கூரையைப் பார்க்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள்.

"                              "

மேற்கோள் குறிகளை நான் போட்டுவிட்டேன். நடுவில் எழுதவேண்டியது நீங்கள். கொஞ்சம் சீக்கிரம், கேட்டவர் எழுந்திருக்கப் போகிறார்.