மூன்றாவது வெட்டு

நான் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் என் கத்தியிலிருந்து விழும் பட்டைச் சீவலுக்குக் கனம் கிடையாது. கீழே விழாது, காற்றில் ஏறிக்கொள்ளும். ஒரு சித்திரையில் கருங்கல் ஊரில் நான் சீவிய சீவல் ஒன்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் போய் இறங்கியதாகவும், புதுவகை மீன் என்று நினைத்து இரண்டு பேர் அதை ஏலம் போட்டதாகவும் எனக்குத் தகவல் வந்தது. சேவல் கூவுமுன் எழுநூறு மூடு மரம் வெட்டி முடிப்பேன். அதில் எங்கள் ஊர்ச் சேவல் ஒன்று மனம் நொந்து கேரளத்துக்குப் போய்விட்டது. இதையெல்லாம் இருபது வருஷமாக டீக்கடையில் சொல்லி வருகிறேன். இதனால் யாரும் கெட்டுப்போனதில்லை. போன மார்கழி வரைக்கும்.

மார்கழியில் பூங்கனிக்கு ஏழாம் மாதம். எங்கள் அடுத்த வீட்டுப் பெண். கணவன் ராஜகுமார் விசைப்படகில் எஞ்சின் டிரைவர்; போனால் நாற்பது நாள் கழித்துத்தான் கரை. பூங்கனி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு மூடு வெட்டுகிறாள்; அதுதான் அவளுடைய பிளாக். அந்த மரங்களில் வெட்டு வருஷா வருஷம் கீழே இறங்கி, முழங்காலுக்கும் கீழே வந்துவிட்டது. மரத்துக்கு ஒரு தடவை குந்தி எழும்ப வேண்டும். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது, இனிக் குந்தக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, மீறினால் இரண்டு உயிருக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பூங்கனி தோட்ட மேனேஜர் டெனிஷைப் பார்க்கப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

டெனிஷ் கெட்டவன் அல்ல. படித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு, ஏத்தன்பழ பஜ்ஜியும் டீயும் கொடுத்து, "இனி நீங்க தொழிலாளி இல்ல, ஒப்பந்ததாரர்" என்று ஒன்பது பக்கத்தில் கையெழுத்து வாங்கியவன் அவன்தான். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. ஒருத்தன் விசிட்டிங் கார்டே அடித்துவிட்டான். பூங்கனி மட்டும் பஜ்ஜியைத் தொடாமல் ஒன்பது பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"சாரே, எனக்கு நாலு மாசம் லீவு வேணும்" என்றாள்.

"லீவா? அக்கா, நீங்க தொழிலாளியா லீவு கேக்கதுக்கு? உங்களுக்கு நீங்கதான் முதலாளி."

"அப்ப நானே எனக்கு லீவு தந்துக்கலாமா?"

"தாராளமா. ஆனா தொடர்ந்து மூணு வெட்டு முடங்கினா பிளாக் வேற ஆளுக்குப் போவும். பேப்பர்ல கெடக்கு."

"பத்தாவது பக்கத்துலயா?"

"ஒம்பது பக்கம்தானே அக்கா."

"வாசிச்சிருக்கீரான்னு பாத்தேன். ஏழாம் பக்கத்துல இன்னொண்ணும் கெடக்கு. ஒப்பந்ததாரர் தானோ தன்னுடைய ஆளோ வெட்டலாம்னு. நான் ஆளை விடுதேன்."

டெனிஷ் சிரித்தான். சீசன் நேரம், மாவட்டம் முழுக்கத் தேடினாலும் சும்மா இருக்கிற வெட்டுக்காரன் ஒருத்தன் கிடைக்க மாட்டான். "யாரை விடப் போறிய?"

பூங்கனி திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்தப் பாட்டாவை."

டெனிஷ் எழுந்து நின்றுவிட்டான். எழுநூறு மூடு கதை அவனுக்கும் தெரியும். "வைகுண்டராஜன் பாட்டாவா? எங்க தோட்டத்துலயா? சந்தோசம்." என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இந்த இடத்தில் நான் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் ரப்பர் வெட்டியது கிடையாது. முப்பத்தோரு வருஷம் புகைப்புரையில் ரப்பர் ஷீட் உலர்த்தினேன். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள், மீதிப் பேர் கல்ஃபில் இருக்கிறார்கள்.

முதல் வெட்டுக்கு விடியும்போது போனேன். முதல் மரத்தடியில் குந்தினேன். குந்துவதில் ஒரு குறையும் இல்லை. எழும்புவதில்தான் எனக்கும் முழங்காலுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் என் பக்கத்தில் புறப்பட்ட நத்தை ஒன்று அடுத்த வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கத்தியை வைத்து இழுத்தேன். பட்டையோடு மரத்தின் வெள்ளைச் சதையும் வந்தது. பால் மரத்தில் கட்டியிருந்த சிரட்டைக்குப் போகாமல் தண்டைச் சுற்றி ஓடியது. பத்து மணிக்குள் பதினேழு மூடு முடித்தேன், ஒன்பது மரத்தில் காயம். வாளியில் இருந்த பால் ஒரு பூனைக்குக்கூடப் பற்றாது.

பால் குறைந்தாலும் அது முடங்கின வெட்டு என்றுதான் கணக்கு. டெனிஷ் எழுதினான்: ஒன்று. "பாட்டாக்கு மரம் பழக்கமாவணும், அவ்வளவுதான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

வீட்டுக்குப் போகும் வழியில் விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன். இன்னும் இரண்டு வெட்டு. பிறகு அந்தப் பெண்ணுக்குப் பிளாக் இல்லை. போன பிளாக் திரும்பி வந்ததாக இந்தப் பக்கத்தில் சரித்திரம் இல்லை. பிளாக் போகிறதென்றால் அவள் வீட்டில் கிடக்க மாட்டாள், கத்தியை எடுத்துக்கொண்டு குந்தப் போய்விடுவாள். எனக்கு அவளைத் தெரியும். நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தாள்.

"மக்கா, ஒரு காரியம் சொல்லணும். நான் வெட்டுக்காரன் இல்ல."

"தெரியும் பாட்டா."

"எப்பம் தெரியும்?"

"மூணு வருசமா தெரியும். மரத்துக்கிட்ட போனதும் வெட்டுக்காரன் மொதல்ல என்ன செய்வான்? முந்தின வெட்டுல காய்ஞ்சு கெடக்க ஒட்டுப்பாலை உரிப்பான். பெறவுதான் கத்தி வைப்பான். நீரு சொன்ன கதையில எழுநூறு மூட்டுல ஒரு மூட்டுலயாவது ஒட்டுப்பால் உரிச்சீரா?"

இருபது வருஷக் கதையை ஒரே இழுப்பில் உரித்துவிட்டாள்.

"பெறவு எதுக்கு ஏட்டி என்னை விட்ட?"

"இந்த மாவட்டத்துல உம்மளை விட மோசமா வெட்டக்கூடிய ஆளு யாரு இருக்கா? சொல்லும், அவரை விடுதேன்."

அவள் விளக்கினாள். ஒப்பந்தக்காரி யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். தோட்டம் குறுக்கே நின்று, இந்த ஆளை விடாதே, ஆளை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவள் என்ன ஒப்பந்தக்காரி? தொழிலாளி. தொழிலாளி என்றால் பிரசவ விடுப்பு உண்டு. அதை டெனிஷ் தன் கையால் எழுதித் தர வேண்டும். நாகர்கோவில் லேபர் ஆபீசில் அவள் முன்னமே விசாரித்துவிட்டாள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்து இருந்தால் கொண்டுவா என்று சொல்லியிருந்தார்கள்.

"மூணாவது வெட்டுக்கு உள்ள எழுதி வாங்கணும் பாட்டா. மூணுன்னு அவன் புக்குல போட்டுட்டா எல்லாம் போச்சு. பின்னே, என் மரத்தை நாசம் பண்ணக்கூடாது. நான் திரும்பிப் போய் வெட்டணும். கடைசி வரிசையில பால் வத்தின மரம் இருபது நிக்கு. இனி அதுல மட்டும் கத்தி வையும். காயம் பட்டாலும் அதுக்குக் கேள்வி இல்ல."

இரண்டாம் வெட்டில் பால் வற்றிய மரங்களில் என் முழுத் திறமையையும் காட்டினேன். ஒரு மரத்தில் நான் போட்ட காயத்துக்குள் மழை பெய்தால் தவளை குடும்பம் நடத்தலாம். டெனிஷ் வந்து பார்த்தான். இப்போது விரட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் செல்போனை எடுத்து வீடியோ பிடித்தான்.

"பாட்டா, இது பழைய வெள்ளக்காரன் காலத்து வெட்டா?"

"சாரே, எனக்கு வெட்டவே தெரியாது. நான் ஷீட் உலர்த்தினவனாக்கும்."

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "உம்மகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா."

"சத்தியமாச் சொல்லுதேன். சேவல் கதையும் பொய்."

"சேவலும் பொய்யா? அப்ப சீவல் ஏலம் போட்டது?"

"அதுவும்."

"ஆளு பெரிய ஆளு, ஆனா தலைக்கனம் இல்ல பாரு" என்று பக்கத்தில் நின்ற கங்காணி முருகதாஸிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தில் எழுதினான்: இரண்டு.

என் ஆயுசில் தொடர்ச்சியாக நான் சொன்ன மூன்று உண்மைகள் அவை. ஒன்றுகூட விலைபோகவில்லை.

அன்று சாயங்காலம் பூங்கனிக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டது. நெய்யூருக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு மறுநாள் விட்டார்கள், எழும்பி நடமாடக்கூடாது என்ற கண்டிப்போடு. நான் வாசலில் நின்றேன். அவள் மூலையில் தொங்கிய தன் கத்திப் பையைப் பார்த்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் வெட்டு. பத்தரை மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் பால் அளக்க டெனிஷ் வந்தான். என் வாளி காலி. அவன் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

"பாட்டா, எனக்கு வருத்தமாக்கும். ஆனா ரூல் ரூல்தான்." புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினான்.

அவனுக்கு என்மேல் கோபம் வர வேண்டும். என் பேச்சில் வராது, உண்மை சொல்லியும் வரவில்லை. அப்போது ஆபீஸ் முன்னால் நின்ற எட்டு ரப்பர் மரங்கள் கண்ணில் பட்டன. புது இனம். டெனிஷ் தன் கையால் நட்டது. இன்னும் கத்தி படாத பட்டை. முதலாளி கல்ஃபிலிருந்து வந்தால் முதலில் அவற்றின் முன்னால் நின்றுதான் போட்டோ எடுப்பார்.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே நடந்தேன்.

"எங்க போறீரு?" என்றான்.

"பூங்கனிக்க மரத்துல என் கைக்கு வேலை பத்தல்ல. இதுல ரெண்டு இழுப்பு இழுத்துப் பாக்கட்டு." முதல் மரத்தின் முன்னால் குந்தினேன். கத்தி முனையைப் பட்டையில் வைத்தேன்.

"பாட்டா, வேண்டாம். கத்தியை எடும்."

"நல்ல பட்டை சாரே. தவளைக்கு ஆவும்."

அவன் ஓடி வந்த ஓட்டத்தில் புத்தகம் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நீரு இனி இந்தத் தோட்டத்துல கால் வைக்கக்கூடாது."

"எழுதித் தாரும்."

"எதுக்கு எழுதணும்? சொன்னாப் போதாதா?"

"எனக்கு மறதி சாரே. நாளை கழிச்சு விடியும்போ எழும்பினா கால் தன்னால இங்க வந்துரும். பேப்பர் இருந்தா பாத்து நிறுத்திக்கிடுவேன்."

அவன் லெட்டர் பேடை எடுத்து எழுதினான். நான் குந்தியபடியே இருந்தேன். கத்தி மரத்தில் இருந்தது, எழும்பவும் முடியாது.

"என் பேரு மட்டும் போட்டா போதாது. அவ என் தம்பியை விட்டுருவா. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒருநாள் சிமெண்ட் போஸ்டுல பால் எடுத்தவன்."

டெனிஷ் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு எட்டு மரங்களையும் பார்த்தான். எனக்குத் தம்பி கிடையாது. அவன் எழுதினான்: 'பூங்கனியின் பிளாக்கில் வைகுண்டராஜன் வெட்டக் கூடாது. இனி யார் வெட்ட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானிக்கும்.' கையெழுத்து, தேதி, சீல். முருகதாஸ்தான் என்னைக் கைதூக்கி எழுப்பிவிட்டார். மூன்று என்று எழுத டெனிஷுக்கு மறந்துபோயிற்று. புத்தகம் அதுவரை மண்ணில்தான் கிடந்தது.

அந்தக் காகிதம் அன்றே நகல் எடுக்கப்பட்டு, பூங்கனியின் அம்மா அன்னக்கிளி கையில் லேபர் ஆபீஸ் போய், வந்து சேர்ந்ததற்கான முத்திரையோடு திரும்பியது. ஒரு வாரம் கழித்து, டாக்டரம்மா சம்மதித்த பிறகு, பூங்கனி ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனாள். எனக்கு உள்ளே அனுமதி இல்லாததால் ரோட்டில் நின்று வேலிக்கு இந்தப் பக்கமாகக் கேட்டேன். ஆகவே இனிச் சொல்வதில் என் கைச்சரக்கு ஒன்றும் கிடையாது.

"நான் ஒப்பந்தக்காரின்னா, நான் விட்ட ஆளை நீரு நிறுத்தினது தப்பு. நாளைக்கு அவருக்க தம்பி வருவாரு. நான் தொழிலாளின்னா, எனக்கு லீவு உண்டு. ரெண்டுல எதுன்னு சொல்லும் சாரே."

டெனிஷ் முதலாளிக்குப் போன் போட்டான். அவன் "ஆமா", "சீல் வச்சிட்டேன்", "ஆமா" என்று சொல்வது மட்டும் கேட்டது. பூங்கனி நிற்கக்கூடாது. அங்கே இருந்ததோ ஒரே நாற்காலி. "சாரே, எந்திக்கும், நான் இருக்கணும்" என்றாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிறகு அவன் நின்றபடியே எழுதினான். எழுதியதை வாசித்தும் காட்டினான். "கருணை அடிப்படையில், பிரசவம் முடிந்து திரும்பும்வரை பிளாக் பூங்கனி பெயரிலேயே இருக்கும்."

"மொதல் ரெண்டு வார்த்தையை அடியும்."

"அதுல என்ன அக்கா கெடக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா அடிச்சிரும்."

பேனா தாளில் இரண்டு முறை கீறும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. இதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. விடுப்புச் சம்பளம் பற்றிய விசாரணை லேபர் ஆபீசில் இன்னும் நடக்கிறது. பிளாக் மட்டும் அன்றைக்கே உறுதியாயிற்று.

மாசியில் பெண் குழந்தை. இரண்டு பேருக்கும் சுகம்.

அந்தச் செய்தி வந்த மறுநாள், அதே தோட்டத்தில் வெட்டுகிற ஐயப்பன் என் வாசலில் வந்து நின்றார். குடலிறக்கத்துக்கு ஆப்பரேசன் சொல்லியிருக்கிறார்களாம், இரண்டு மாதம் குனியக்கூடாதாம், டெனிஷ் லீவு இல்லை என்கிறானாம்.

"பாட்டாவை அங்க கேறவிட மாட்டாங்கன்னு தெரியும்" என்று தலையைச் சொறிந்தார். "அந்தத் தம்பி எங்க இருக்காரு?"