பக்கத்தில் இருந்தால் போதும்

"கயட்டாதடி. அது கையிலயே கெடக்கட்டும்."

அப்பாவின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த கிறிஸ்டினா, வாட்ச்சின் வாரில் வைத்த விரலை எடுத்துவிட்டாள். அம்மா ரோசம்மாள் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். காலையில் நடக்கப் போனபோது கட்டியிருந்த அதே புடவை. மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களையெல்லாம் ஒரு பார்வையில் விரட்டியிருந்தாள்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் காலை ஆறரை மணிக்குப் பாக்கியராஜ் குப்புற விழுந்தார். முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்ற மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். நாலு மணிக்கு அடக்கம்.

கிறிஸ்டினாவுக்கு அழுகை இன்னும் வரவில்லை. ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. இந்த வாட்ச் பொய் சொல்லியதா? இதைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு லேசாக நெஞ்சுவலி வந்து போனது. தினமும் நடக்கலாம், ஆனால் நாடித் துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். ஒரு சனிக்கிழமை முழுக்க அவள் பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் விரல் வைத்து அழுத்தினால்தான் எண் வரும். அதற்கு நடையை நிறுத்த வேண்டும். அப்பாவாவது, நிற்பதாவது! பஸ்ஸுக்கே நிற்காமல் நடந்து போகிற ஆள். இன்னொன்றுக்கு நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று உண்டு. பட்டை துடிப்பை வாங்கி வாட்ச்சுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் வாட்ச் கத்தும். வேறு வித்தை எதுவும் அதற்குத் தெரியாது. அப்பாவுக்கு அது போதும் என்று அதையே வாங்கினாள்.

அது ஒரு நாளும் கத்தவில்லை. நடந்துவிட்டு வந்ததும் அவர் எண்ணைச் சொல்வார், அவள் நோட்டில் எழுதுவாள். தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு. தொண்ணூறு. போன வாரம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர், இன்னும் கால் மணி நேரம் கூட நடக்கலாம் என்றார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் விழுந்தார்.

வாட்ச்சை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழியங்கள்.

அப்பாவோடு வேலை செய்த தணிகாசலம் மாலையோடு உள்ளே வந்தார். அவருக்கு வழிவிட ரோசம்மாள் எழுந்து வந்து மகளை ஒட்டி உட்கார்ந்தாள். சுழியங்கள் மறைந்தன. தொண்ணூற்றாறு என்று வந்தது.

கிறிஸ்டினா வாட்ச்சின் மேல் குனிந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. மறுபடி பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. பாவி மனசு நம்பிவிட்டது. "நைனா" என்று வாய்வரை வந்துவிட்டது. அம்மா மூக்கைச் சிந்த வாசலுக்கு எழுந்து போனாள். சுழியம். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நூற்றொன்று.

"யம்மா, அந்தப் பட்டை எங்க?"

ரோசம்மாள் ரவிக்கைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "இங்கதான் கீது. காலைல போட்டது."

"நீ எதுக்குப் போட்டுக்கினே?"

"ஒங்க நைனா போட மாட்டேன்னுட்டாரு. பொம்பளைங்க பாடி மாரி கீதாம். சட்டைல எடுப்பா தெரியுதுன்னு தணிகாசலம் அண்ணன் சிரிச்சிட்டாராம். நீ போட்டுக்கினு பக்கத்துல வா, வாட்ச்சுல நம்பர் வருது, அது போதும்னாரு. ரெண்டாவது நாள்லேர்ந்து நான்தான்." குரல் தாழ்ந்தது. "ஒரு நாளு கூட நான் வுடல, கிறிஸ்டி. காய்ச்சல் அடிச்சப்பகூடப் போட்டுக்கினு கூடவே போனேன். கரெக்டாதான வேல செஞ்சிது?"

தணிகாசலம் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

நோட்டு முழுக்க எழுதியது அம்மாவின் துடிப்பை. அப்பாவினுடையது எவ்வளவு ஓடியது என்பது இனி கர்த்தருக்குத்தான் தெரியும். அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில்தான் கிறிஸ்டினாவுக்கு முதல் அழுகை வந்தது.

அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கரெக்டாதாம்மா இருந்துச்சு."

ரோசம்மாள் தலையாட்டினாள். கிறிஸ்டினா அப்பாவின் முழுக்கைச் சட்டையை இழுத்து வாட்ச்சை மூடி, பட்டனைப் போட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு உபதேசியார் ஜெபத்தை முடித்தார். பெட்டியின் மூடியைக் கொண்டு வந்தார்கள். ரோசம்மாள் குனிந்து கணவனின் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். சட்டைக் கைக்குள்ளிருந்து வாட்ச் கத்தத் தொடங்கியது.

"யாரு செல்லுப்பா அது?" என்றார் ஒருவர்.

மூடியைப் பொருத்தித் தூக்கினார்கள். உள்ளே மெலிதாகக் கத்திக்கொண்டே இருந்தது. வாசற்படி வரை பெட்டியைத் தொட்டபடி வந்த ரோசம்மாளைப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

பெட்டி நாலடி தள்ளிப் போனதும் சத்தம் நின்றுவிட்டது.