சத்தியதாஸ் நிற்கும் இடம்

சவப்பெட்டியில் கிடந்த அண்ணன் சத்தியதாஸின் கையில் நேசையன் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஐந்து கிழவர்கள் இறங்கினார்கள். ஐவருக்கும் ஒரே மெரூன் நிறச் சட்டை. டீம்காரர்கள் வந்துவிட்டார்கள். நேசையனுக்கு வயிறு எரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவர்களுடைய கல்லூரிக் கால்பந்து அணி ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. சத்தியதாஸ் லெஃப்ட் விங், இடது ஓரத்து ஆட்டக்காரர். இரண்டு வயது இளைய நேசையனும் அணியில்தான் இருந்தார், அண்ணனுக்குப் பதில் ஆளாக. சீசன் முழுக்க பூட்ஸ் கட்டிக்கொண்டு பெஞ்சைத் தேய்த்தார். ஃபைனலில் அண்ணனுக்குக் கணுக்கால் வீங்கியது. கோச் நேசையனைத் தயாராகச் சொன்னார். அண்ணன் விடவில்லை. நொண்டிக்கொண்டே ஆடி, கோல் வேறு போட்டுத் தொலைத்தார். அதன்பிறகு நேசையனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சத்தியதாஸுக்க தம்பி, அவ்வளவுதான்.

கேப்டன் வேதமாணிக்கம் சத்தியதாஸின் நெற்றியைத் தொட்டுவிட்டு, அண்ணி ரத்னாபாயிடம் திரும்பினார்.

"எடுக்கது நாங்களாக்கும் கேட்டியா. டீம்ல யாரு செத்தாலும் நாங்கதான் சொமக்கணும். அது அண்ணைக்கே பேசி வச்சது."

"அவியளும் அப்பிடித்தான் சொல்லியிருந்தாவ," என்றார் அண்ணி.

"நான் கூடப்பொறந்தவனாக்கும்," என்றார் நேசையன்.

"நீ மாலைய எடுத்துக்கிட்டுப் பின்னால வா தம்பி," என்றார் வேதமாணிக்கம்.

நேசையன் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். அண்ணன் செத்ததற்குக் காலையிலிருந்து வராத அழுகை இதற்கு வந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

அவர் மாலையை எடுத்துக்கொண்டு வந்தபோது போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியை மூடினார்கள். கிழவர்கள் வழக்கம்போல் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். பின்னால் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் வலப்பக்கம் வேதமாணிக்கம். இடப்பக்கம் காலியாக இருந்தது. இதுவரை போன எல்லா அடக்கத்திலும் அங்கே நின்றது சத்தியதாஸ். இந்தத் தடவை அவர் வரமாட்டார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேரளத்தில் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் சத்தியதாஸின் மகன் சஜி முன்னால் வந்தான். "ஞான் பிடிக்கட்டா அங்கிள்?"

"நீ அம்மையப் பிடிச்சுக்கோ மக்களே."

வேதமாணிக்கம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பழைய மைதானக் குரலில் சொன்னார். "அவனுக்குப் பதில் ஆளு இருக்கான். லே நேசையா, எறங்கு."

இப்போது மட்டும் நான் வேண்டுமாக்கும் என்று கேட்டுவிட நேசையனுக்கு நாக்கு துடித்தது. மாலையைச் சஜியிடம் கொடுத்தார். போய் இடப்பக்கம் குனிந்தார்.

தூக்கியதும் பெட்டி அவர் பக்கம் சரிந்தது. அண்ணனைவிட அவர் குள்ளம். உள்ளே சத்தியதாஸ் மெல்ல நகர்ந்து அவர் தோள் இருந்த பக்கமாக வந்து சாய்ந்தது தெரிந்தது. கேட்டைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"முடியல்லன்னா சொல்லு. வேற ஆள விடலாம்," என்றார் வேதமாணிக்கம்.

"ஆள மாத்தாண்டாம்," என்றார் நேசையன். தோளை இன்னும் உள்ளே கொடுத்து நடந்தார்.