கறையக்கா மகளின் பொடுகு

நான் வேலை பார்க்கும் சலவை நிலையத்தில் எனக்குப் பெயர் கறையக்கா. என் மேசைக்கு வந்த கறை போகாமல் திரும்பியதில்லை என்பதால் வைத்த பெயர். மை, ரத்தம், துரு, கிரீஸ், உதட்டுச் சாயம் என்று எது வந்தாலும் அதற்கொரு புட்டியும் ஒரு தூரிகையும் என்னிடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை உண்டு. துணியிடம் மட்டும்தான் அந்தப் பொறுமை என்பார் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறவர். வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று நானும் மறுத்துப் பேசியதில்லை.

மகளுக்குப் பதிமூன்று வயது. வாயாடி என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி அணிக்கு அவளை எடுத்தபோது, அப்பாடா, இனி அந்த டீச்சரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று சிரித்தேன். அணிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கருப்புக் கோட்டு கொடுத்தார்கள். வினை அந்தக் கோட்டோடுதான் வீட்டுக்குள் வந்தது.

முதல் நாள் அதைக் கழற்றி மாட்டும்போதே பார்த்தேன். இரண்டு தோளிலும் மாவு சலித்த மாதிரி பொடுகு. வெள்ளைச் சட்டையில் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது. சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, பொடுகு ஒட்டிக்குமா?”

“யாரு சொன்னா?”

“பக்கத்துல உட்கார்றவ நாற்காலிய தள்ளிப் போட்டுக்கிட்டா. ஒட்டிக்குமாம்.”

“அதெல்லாம் ஒட்டாதுடி,” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை அடித்துச் சொல்வதில் எனக்கு நிகர் நான்தான்.

மறுநாள் கோட்டை ஆவி காட்டிச் சுத்தம் செய்யலாம் என்று வேலைக்குக் கொண்டுபோனேன். இஸ்திரி போடும் அண்ணன் அதை வாங்கி உதறினார். உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்லுவாங்க. கறையக்கா வீட்டுக் கோட்டுலயே இப்படியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று குத்தியது. மகள் தலையில் அரிப்பு இருக்கிறது, பிள்ளை கஷ்டப்படுகிறது என்று அப்போது நினைத்திருந்தால் நான் தாய். என் பேருக்கு வந்த கறை என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

முதலில் எண்ணெய். உச்சியிலிருந்து வழிய வழிய வைத்து இரவெல்லாம் ஊறவிட்டேன். அடுத்து எலுமிச்சைச் சாறு. அதற்கும் அடுத்து பேன் சீப்பை எடுத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. உதிர்வதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது, செதில் செதிலாக, பிசுபிசுவென்று. எண்ணெய் வைத்தது தப்பு என்று மருந்துக் கடைத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. ஒரு ஷாம்பு எடுத்துக் கொடுத்தான்.

“வாரத்துக்கு ரெண்டு தடவைக்கா. தலைல தேச்சு அஞ்சு நிமிஷம் வெச்சிருந்து நல்லா அலசிடுங்க. ஒரு மாசமாவது ஆகும், அவசரப்படாதீங்க.”

போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

சொன்ன மாதிரியே இரண்டு தடவை போட்டேன். குறைந்தது. அரிப்பு அடங்கிவிட்டது என்று வாயாடியே சொன்னாள். ஆனால் புதன்கிழமை கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காலரில் ஏழெட்டுப் புள்ளி இருந்தது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மருந்து வைத்தும் கறை போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வைத்து, காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஊறவிடுவோம். ஐந்து நிமிடத்தில் அசைகிற கறை நாற்பது நிமிடத்தில் போயே போய்விடும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எனக்கு வேதவாக்கு.

சாயங்காலம் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஷாம்பைத் தண்ணீர் கலக்காமல் தலை முழுக்கத் தேய்த்தேன். துவைத்த கோட்டுகளுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தலையைச் சுற்றி, காதுக்கு மேலே இறுக்கி முடிந்தேன்.

“அம்மா, எரியுது.”

“எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“இல்லம்மா, ரொம்ப எரியுது. எடுத்துடு.”

“மேடையேறிப் பேசப்போறவ இதைத் தாங்க மாட்டியா? கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு உட்காருடி.”

வாயை மூடிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வந்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வியாழக்கிழமையும் அதையே செய்தேன். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தலையணையோடு எழுந்து உட்கார்ந்தாள். தலையணை உறை பின்னந்தலையில் ஒட்டியிருந்தது. தண்ணீர் தொட்டு நனைத்து நனைத்துப் பிரித்தேன். உள்ளே தோல் சிவந்து, அங்கங்கே நீர் கசிந்துகொண்டிருந்தது. காதுக்கு மேலே பிளாஸ்டிக் முடிந்த இடத்தில் ஒரு கோடு மாதிரி வெந்திருந்தது. அவள் அழக்கூட இல்லை.

தோல் டாக்டரிடம் ஓடினோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கையுறை மாட்டி, முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

“என்ன போட்டீங்க?”

ஷாம்புப் புட்டியை நீட்டினேன்.

“இது நல்ல மருந்துதானே. எவ்வளவு நேரம் வெச்சிருந்தது? யாரு போட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாயாடி சொன்னாள். “நானேதான் போட்டுக்கிட்டேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. சீக்கிரம் போகட்டும்னு ரொம்ப நேரம் விட்டுட்டேன்.”

கண் இமைக்காமல் சொன்னாள். அறையில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள், கதவு திறந்து கிடந்தது, வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை.

“பெரிய பொண்ணு, அம்மாவைக் கேட்டுட்டு செய்ய வேணாமா?” என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். என் முன்னாலேயே என் திட்டை என் பிள்ளை வாங்கிக்கொண்டது. நான் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டாக்டர் என்னிடம் விளக்கினார். “பொடுகு அழுக்கு இல்லம்மா. எல்லார் தலைலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்கு. இந்த வயசுல எண்ணெய்ப் பசை கூடும்போது சிலருக்கு அது தோலை உறுத்தி உரிய வைக்கும். யாருக்கும் ஒட்டாது. ஒரேயடியா போயிடவும் போயிடாது. அடங்கும், திரும்ப வந்தா திரும்ப அடக்கணும். முதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும். இந்த மருந்தைப் பஞ்சுல தொட்டு ராத்திரி மட்டும் வைங்க. எரியக் கூடாது. எரிஞ்சா நிறுத்திட்டு உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க.”

நான் எந்தத் துணியானாலும் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் மருந்து வைக்க மாட்டேன். யாரோ முகம் தெரியாதவரின் கால்சட்டைக்குக் கொடுத்த அந்த மரியாதையை என் பிள்ளையின் தலைக்குக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் இது மனதில் ஓட ஓட எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை போட்டி. அவளுடைய இடத்தில் வேறொரு பெண் பேசினாள். கோட்டைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது, கொடுத்தனுப்பினேன். வாயாடி சன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எதைப் பற்றியும் கேட்கவில்லை. சாப்பிடுறியா என்றால் சரி, தூங்கலையா என்றால் தூங்கறேன். பேசாதே பேசாதே என்று பத்து வருஷம் கத்திய வீடு இது. இப்போது குழாய் சொட்டுவது கூடக் கேட்டது.

டாக்டர் கொடுத்த மருந்தை முதல் நாள் பஞ்சில் தொட்டு வைத்தபோது கேட்டேன். “எரியுதா கண்ணு?”

“இல்ல.”

அவள் கால்விரல்கள் ஸ்டூலின் குறுக்குக் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. மறுபடியும் கேட்டேன்.

“எரியல,” என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எரிகிறது. ஆனால் என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்கே ஃபோன் செய்திருக்க வேண்டும். செய்தால், எதற்காக உங்களிடம் மறைக்கிறாள் என்று கேட்பார். கேட்டால் பிளாஸ்டிக், நாற்பது நிமிடம், எல்லாம் வெளியே வரும். பிள்ளையே எரியவில்லை என்கிறாளே என்ற சாக்கைப் பிடித்துக்கொண்டு மருந்தைக் குறைத்துக் குறைத்து வைத்தேன், ஊதி ஊதி வைத்தேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் இல்லை என்றாள். நாளைக்காவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. கொஞ்சமாவது வாய்விட்டுக் கத்தினால், என்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஏழாவது நாள் திரும்ப டாக்டரிடம் போனோம். அவர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்குள்ள ஆறியிருக்கணுமே. மருந்து போடும்போது எரியுதா?”

“இல்ல டாக்டர்,” என்றாள் வாயாடி.

“கொஞ்சம் கூட?”

“இல்ல.”

“அப்போ மருந்து போதலை. இதே மருந்துல வீரியம் கூடினது இருக்கு, அதை எழுதறேன். காலைலயும் ராத்திரியும் வைக்கலாம்.” பேனாவை எடுத்தார்.

வாயாடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் அவள் கால்களைப் பார்த்தேன். ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னும் கடுமையான மருந்து, இரண்டு வேளை. அதையும் இவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயந்துபோனேன்.

“எழுதாதீங்க டாக்டர்,” என்றேன். “எரியுது அவளுக்கு. முதல் நாள்லேர்ந்து எரியுது. சொல்ல மாட்டேங்கறா.”

டாக்டர் நிமிர்ந்தார். “ஏன் சொல்ல மாட்டா?”

“சொன்னா. நான்தான் கேக்கலை. அந்த ஷாம்பை அவ போட்டுக்கலை. நான்தான் போட்டேன். பிளாஸ்டிக் கட்டி நாப்பது நிமிஷம், ரெண்டு நாள். எரியுதும்மா, எடுத்துடுன்னா. வாயை மூடிட்டு உட்காருன்னேன். போன தடவை எனக்காக உங்ககிட்ட பொய் சொன்னா. நான் சும்மா இருந்துட்டேன்.”

நர்ஸ் இருந்தாள். கதவும் திறந்துதான் இருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். எழுதியதை அடித்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நீ சொல்லும்மா. எரியுதா?”

வாயாடி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் என் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“எரியுது,” என்றாள். “தீ வெச்ச மாதிரி எரியுது. தூங்கவே முடியல. காது பின்னால தொட்டாலே உசிரு போவுது.” அப்புறம் அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக. தொடப் போன கையை நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பழைய மருந்தை நிறுத்தச் சொல்லி, வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஸ்பிரிட் கலக்காதது, குளிர்ச்சியாக இருக்கும் என்றார். புண் முழுக்க ஆறி, இரண்டு வாரம் கழித்து, பொடுகுக்கு மறுபடி அதே ஷாம்பு. வாரம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம். கோட்டில் நாலு புள்ளி விழுந்தால் தட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வந்து மருந்து வாங்கினோம். பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. களிம்பு டப்பாவை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு, மூடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். எனக்குள் ஒரு அற்ப ஆசை. இன்றைக்குச் சாயங்காலம் நிதானமாக, பூப்போல வைத்துவிடலாம், வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு வைக்கலாம் என்று.

“அம்மா.”

“சொல்லு கண்ணு.”

“இனிமே நீ வைக்காத. நீ கையைக் கொண்டு வந்தாலே எனக்கு பயமா இருக்கு. நானே வெச்சுக்கறேன்.”

கத்திச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி, என் முகத்துக்கு நேரே சொன்னாள். வாய்விட்டுப் பேச மாட்டாளா என்று ஏழு நாளாகத் தவித்தவள் நான். இதைக் கேட்கத்தானா?

“சரி,” என்றேன்.

பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஏறிப் போய் சன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.